டேப்புக்குக் கீழே மைனஸ் மூன்று

எங்கள் பக்கத்து மேடைக் கலைஞர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன மாதம் அதில் இளைஞர் ஒருவர் தன் புதுக் கீபோர்டின் படத்தைப் போட்டிருந்தார். பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் திரையில் ஒரு தட்டு தட்டினால் போதுமாம், பாட்டு மொத்தமும் அரைக் கட்டை இறங்கிவிடுமாம். எவ்வளவு இறக்கியிருக்கிறோம் என்பது மேடையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பெரிய எண்ணில் எரியுமாம். "சீனியருங்க உங்க காலத்துல இதுக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டிருந்தார். "டேப் ஒட்டினோம்" என்று எழுதினேன். வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள் வந்து விழுந்தன. பார்த்தும் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் புல்லாங்குழல் தாமோதரன், இன்னொருவர் பாண்டிச்சேரி நிவேதா. நான் ஜோக் அடிக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

சிரித்த மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் சாமுவேல். ஊர் மரக்காணம். முப்பது வருடம் ஒரே பாடகருக்குக் கீபோர்டு வாசித்தவன். கோயில் ஆர்மோனியத்தில் கை பழகி, ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்து, கடன் வாங்காமல் ஒரு பழைய கீபோர்டு வாங்கியதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பாடகர் ஏழுமலையிடம் சேர்ந்ததிலிருந்துதான் என் கதை.

ஏழுமலை உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டே பாட்டு கட்டுவார். எழுத்தும் அவருடையது, மெட்டும் அவருடையது. சினிமா வாசலை மிதிக்காமலேயே அவர் பாட்டுகள் கேசட்டாகி, திண்டிவனம் பஸ்ஸிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டு மைக்செட்டிலும் ஓடின. பிறகு சிடி வந்தது, பிறகு போன் வந்தது. எல்லாவற்றிலும் அவர் பாட்டு ஏறி உட்கார்ந்துகொண்டது. முக்கியமாக 'வெள்ளை மலை' என்கிற ஜோடிப் பாட்டு. உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தனும் இந்தப் பக்கம் ஒருத்தியுமாக நின்று வழக்காடுகிற பாட்டு. இரண்டாவது சரணத்தில், "உப்புல நின்ன காலுக்கு கொலுசு எதுக்கு மாமா" என்று பெண் குரல் அடியாழத்துக்கு இறங்கிக் கேட்கும். கடைசிச் சரணத்தில் ஆண் குரல் உச்சிக்கு ஏறிப் பதில் சொல்லும். அந்த இறக்கத்தையும் அந்த ஏற்றத்தையும் கேட்கத்தான் கூட்டம் வரும்.

பெண் குரல் ஸ்டெல்லாவுடையது. வானூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எங்களோடு பாடினாள். என்னை 'சாமுண்ணா' என்பாள். பதினாறு வருடம் ஒரே வேனில் போய்வந்தோம்.

மேடை வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கச்சேரிக்கு மூன்று மணி நேரம் முன்பே நான் போய்விடுவேன். எங்கள் கடற்கரையில் ஒயர் முனையெல்லாம் ஒரே வாரத்தில் பச்சை பூத்துவிடும். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துச் சொருக வேண்டும், இல்லாவிட்டால் பாட்டின் நடுவில் கரகரக்கும். எல்லாம் முடிந்ததும் ஏழுமலை அண்ணன் வருவார். யாரோடும் பேச மாட்டார். நேராக என் இடது பக்கம் வந்து நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காதில் விரலை வைத்துக்கொண்டு, "சாமு, ரெண்டரையக் குடு" என்பார். கட்டை என்றால் பாடகர் எந்த உயரத்தில் நின்று பாடுகிறார் என்பதற்கான அளவு. ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று ஏறிக்கொண்டே போகும். ஆம்பிளை இரண்டரையில் பாடுவதென்றால் தம் வேண்டும். நான் அழுத்துவேன். அவர் ஒரே ஒரு 'ஆ' விடுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களைப் பார்த்து "சாப்ட்டீங்களாப்பா" என்று கேட்பார்.

சத்தம் போட்டு அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நான்காக மடிப்பார், எட்டாக மடிப்பார், இனி மடிக்க முடியாது என்கிறவரை மடிப்பார். துண்டு சின்னதாக ஆக ஆக நாங்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்குவோம். அவருக்கு ஒரு கர்வம் உண்டு. மேடைக்கு மேடை அதைச் சொல்லுவார். "கட்டையக் கொறைச்சவன் பாடகனே கெடையாது. முதல் கேசட்டுல என்ன கட்டையோ, இன்னிக்கும் அதே ரெண்டரை!" கூட்டம் விசில் அடிக்கும்.

ஒரு சாயங்காலம் கீழ்புத்துப்பட்டில் திருவிழாக் கச்சேரி. அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்தார். ஒத்திகையில் உச்சி வரி பிளந்துபோனது. மறுபடி பாடினார். மறுபடியும் பிளந்தது. துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். இந்த முறை கோபம் யார்மேலும் இல்லை, தன்மேலேயே. எனக்கு மனசு கேட்கவில்லை. எந்தக் கீபோர்டிலும் சுருதியை இறக்கி ஏற்ற ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நம் விரல் அதே இடத்தில் இருக்கும், சத்தம் மட்டும் கீழே போய்விடும். ஒருமுறை அழுத்தினேன். திரையில் 'மைனஸ் ஒன்று' என்று வந்தது. தாமோதரனைப் பார்த்துக் கண் ஜாடை காட்டினேன். அவர் இரண்டு கட்டைக் குழலை எடுத்துக்கொண்டார்.

அன்று அண்ணன் பிரமாதமாகப் பாடினார். இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தொண்ட தொறந்துக்கிச்சுடா சாமு! இன்னும் பத்து வருஷம் ஓட்டுவேன்டா!" என்றார். காய்ச்சலுக்காக ஒரு நாள் என்றுதான் இறக்கினேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு திருப்பி ஏற்ற எனக்குக் கை வரவில்லை.

மறுநாளே திரையின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். என்ன இது என்று கேட்டார். "உப்புக்காத்து உள்ள போவுதுண்ணா" என்றேன். நம்பினார். தாமோதரன் தன் இரண்டு கட்டைக் குழலில் மார்க்கரால் இரண்டரை என்று எழுதிக்கொண்டார். யாராவது பழைய பாட்டைப் போனில் போட்டுக் காட்டி, "இதுல இன்னும் ஒசரமா இருக்குதே" என்றால், "கேசட்டுல இருந்து ஏத்துனது, ஸ்பீடு ஜாஸ்தி" என்று நானே முந்திக்கொண்டு பதில் சொல்லுவேன். கேசட் ஓடிய காலத்து ஆட்களுக்கு அந்தப் பதில் போதும். அண்ணனுக்கும் ஸ்டெல்லாவுக்கும் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. நான் அழுத்துவதுதான் அவர்களுக்குச் சுருதி. இரண்டு வருடத்தில் மைனஸ் இரண்டு ஆயிற்று. இன்னும் இரண்டு வருடத்தில் மைனஸ் மூன்று. அதாவது இரண்டரையிலிருந்து ஒரு கட்டைக்கு வந்துவிட்டோம். அவர் வாய் மட்டும் 'ரெண்டரை, ரெண்டரை' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதில் நான் யோசிக்காமல் விட்டது ஒன்று. யோசித்தும் கண்டுகொள்ளாமல் விட்டேன் என்று சொன்னால்தான் நேர்மை. ஜோடிப் பாட்டுக்கு இரண்டு சுருதி கிடையாது. அவருக்காக மேலே இறக்கினால் அவளுக்குக் கீழேயும் இறங்கும். இரண்டரையில் கணீரென்று வந்த அந்தக் கொலுசு வரி, ஒரு கட்டையில் பெண் குரலுக்கு எட்டாத பள்ளத்துக்குப் போய்விட்டது. ஸ்டெல்லா வாயைத் திறப்பாள், காற்றுதான் வரும். தேன், மிளகு, வெந்நீர் என்று என்னென்னவோ குடித்துப் பார்த்தாள். பாண்டிச்சேரியில் தொண்டை டாக்டரிடம் போய்வந்தாள். ஒன்றும் இல்லை என்றார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உரக்கடை மாடியில் ஒத்திகை. கொலுசு வரியை நான்கு முறை பாட வைத்தார் அண்ணன். நான்கு முறையும் வரவில்லை. துண்டு எட்டாக மடிந்துவிட்டது.

"ஸ்டெல்லா, உன் கொரலு போயிடுச்சும்மா" என்றார். "என்னைப் பாரு, ஒன்னவிட பதினெட்டு வயசு மூத்தவன். அதே ரெண்டரையில நிக்கறேன். நீ சாதகம் பண்றதே இல்ல. வேற ஆளப் பாத்துக்கறேன், தப்பா நெனைக்காத."

அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். "சாமுண்ணா, நீங்க சொல்லுங்க. உங்க காதுக்குத் தெரியும். என் தொண்டையாண்ணா?"

என் கைக்கு நேராக டேப். அதற்குக் கீழே மைனஸ் மூன்று. உரித்தால் ஒரு நொடி வேலை. தாமோதரன் குழலைத் துடைப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அந்த வார்த்தையை நான் சொன்ன விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்கறையோடு சொன்னேன். அதுதான் அசிங்கம்.

ஏழு வருடம் போயிற்று. புதுப் பெண்கள் வந்தார்கள், போனார்கள். யாருக்கும் கொலுசு வரி வரவில்லை. கடைசியில் அந்தச் சரணத்தையே வெட்டிவிட்டோம். அப்போதுதான் நிவேதாவின் குழு எங்களைத் தேடி வந்தது. ஐந்து இளைஞர்கள், அண்ணன் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். பாண்டிச்சேரி கடற்கரையில் ஒரு நிகழ்ச்சி, வாத்தியமெல்லாம் அவர்களுடையது, நானும் தாமோதரனும் விருந்தாளியாக முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். 'வெள்ளை மலை' முழுசாக வேண்டும், ஸ்டெல்லாவோடு வேண்டும்.

"என்ன கட்டை சார்?" என்று நிவேதா போனில் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரெண்டரைம்மா. என்னிக்கும் ரெண்டரை" என்றார்.

அவர்களுடைய பெட்டியில் டேப் கிடையாது. நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு நிவேதாவைப் போனில் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு எறக்கி வச்சிடும்மா. யாருக்கும் தெரியாது" என்றேன். ஸ்டெல்லாவின் சரணத்தை எப்படியாவது வெட்டிவிடலாம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போதே எனக்குக் கூசியது.

"எறக்கறது ஒரு வேலையே இல்ல சார். அவருகிட்ட சொல்லிட்டு எறக்கறேன். சொல்லாம எப்பிடி?" என்றாள்.

"சொன்னா ஒடிஞ்சி பூடுவாரும்மா."

"அந்த அக்கா ஒடஞ்சாங்களே சார்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்களே சொல்லிடுங்க. ரிகர்சல் வரைக்கும் டைம் இருக்குது."

என் மகள் வயசுப் பெண். எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

ஒத்திகை அன்று காலை நாங்கள் காரில் கிளம்பினோம். சொல்லிவிட வேண்டும், உப்பளத்தைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து மெல்ல முணுமுணுத்துக்கொண்டு வந்தார், புதுச் சட்டை போட்டிருந்தார். கீழ்புத்துப்பட்டு நிறுத்தத்தில் ஸ்டெல்லா ஏறினாள். நிவேதாதான் அவளிடம் பேசி வரவழைத்திருந்தாள். முடி நரைத்திருந்தது. "நான் வாய மட்டும் அசைக்கறேன்ணா, ரெகார்டு எதுனா போட்டுக்கச் சொல்லுங்க" என்றாள் என்னிடம். பாண்டிச்சேரி வந்துவிட்டது.

ஏசி போட்ட சின்ன அறை. நிவேதா என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவள் கீபோர்டில் பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது. பாட்டு தொடங்கியது. முதல் சரணம் எப்படியோ தப்பித்தது. அண்ணனின் கழுத்து நரம்பு புடைப்பதை நான் பார்த்தேன். இரண்டாவது சரணம் வந்தது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு, வராது என்று தெரிந்தே வாயைத் திறந்தாள்.

வந்தது. 'உப்புல நின்ன காலுக்கு' என்று ஆழத்தில் போய் நின்று, கனமாக, துளி நடுக்கம் இல்லாமல் வந்தது. அவளே பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டுத் தொண்டையில் கை வைத்துக்கொண்டாள். கிட்டார் வாசித்தவர், "செம்மக்கா, செம்ம" என்றார். அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

பிறகு உச்சி வரி. அண்ணனின் குரல் மூன்று துண்டாக உடைந்தது.

"பொட்டி தப்பும்மா, ஏத்தி வச்சிருக்கீங்க" என்றார்.

"இல்ல சார். நீங்க சொன்ன ரெண்டரைதான்." நிவேதா தன் போனில் சுருதி பார்க்கும் செயலியைக் காட்டினாள். போன் தப்பாக இருக்கும் என்றார். கிட்டாரில் மாட்டியிருந்த கருவியைக் காட்டினார்கள். அதுவும் தப்பு என்றார். துண்டு தோளிலிருந்து கைக்கு வந்துவிட்டது. "சாமு, நீ வந்து வாசி. உன் கைக்குத் தெரியும்."

போய் உட்கார்ந்தேன். அவர் என் இடது பக்கம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். விரலைக் காதில் வைத்தார். "ரெண்டரையக் குடு."

அழுத்தினேன். அவர் 'ஆ' என்றார். அந்த 'ஆ' சுருதியில் சேரவில்லை, கீழே தொங்கியது. முப்பது வருடத்தில் முதல் முறை.

ஸ்டெல்லா பக்கத்தில் வந்து நின்றாள். "சாமுண்ணா. இது எனக்குத் தெரிஞ்ச பழைய ரெண்டரை" என்றாள். "அப்ப அந்த உரக்கடை மாடியில நான் பாடுனது என்ன கட்டை?"

கீபோர்டிலிருந்து விரலை எடுத்தேன்.

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணா?" என்றார் அண்ணன்.

கீழ்புத்துப்பட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வருடம். டேப், குழலில் மார்க்கர், கேசட் ஸ்பீடு எல்லாம். அவர் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். துண்டு உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஆகிவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்தத் துண்டை அப்படியே கீழே வைத்துவிட்டு ஸ்டெல்லா எதிரில் போய் நின்றார்.

"உன் கொரலு போயிடுச்சின்னு சொன்னேன்ல" என்றார்.

ஸ்டெல்லா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அவருக்குத் தெரியாதுண்ணா. உங்களுக்குத் தெரியும். நான் கேட்டனே உங்கள" என்றாள். "ஏழு வருஷம். வீட்ல துணி தொவைக்கும்போது கூட நான் பாடலண்ணா. நம்ம கொரலுதான் செத்துப் போச்சேன்னு."

மன்னித்துவிடு என்று சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும் அது யார் காதிலும் விழும்படி இருந்திருக்காது.

சாயங்காலம் கடற்கரையில் மேடை. அண்ணன் மைக்கைப் பிடித்து, "இந்தப் பாட்ட எழுதுனவன் நான். பாடப் போறது ஸ்டெல்லா. ரெண்டரையில பாடும். என்னால இப்ப ஒண்ணுதான் முடியும்" என்றார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கை தட்டினார்கள். அவள் இரண்டு பக்கத்து வழக்கையும் தானே பாடினாள், ஆழத்துக்கும் போனாள், உச்சிக்கும் போனாள். அவர் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்று கேட்டார். பிறகு தன் மற்றப் பாட்டுகளை நிவேதாவிடம் சொல்லி, எல்லோர் எதிரிலும் இறக்க வைத்துப் பாடினார். அன்றிலிருந்து அவர் அந்தக் குழுவோடுதான் பாடுகிறார். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. தெருவில் பார்த்தால் "சாப்ட்டியா" என்று கேட்பார், அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்து ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தாள். எக்கியார்குப்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, மத்தியானம், அவள் தனியாகப் பாடுகிறாள். நிவேதா வெளியூரில் இருக்கிறாளாம். "வாசிப்பீங்களா?" என்று கேட்டாள். அண்ணா என்று சேர்க்கவில்லை.

போனேன். ஒயர் முனைகளைத் துடைத்தேன். டேப்பை என்றைக்கோ உரித்துவிட்டேன், அது ஒட்டியிருந்த பிசின் மட்டும் திரையில் இன்னும் போகவில்லை. அவள் வந்தாள். என் இடது பக்கம் நின்றாள். தன் போனில் அந்தச் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து, என் கீபோர்டின் மேலேயே, தன்னைப் பார்த்த மாதிரி நிறுத்தி வைத்தாள்.

"ரெண்டரையக் குடுங்க" என்றாள்.

அழுத்தினேன். போனைப் பார்த்தாள். பிறகுதான் 'ஆ' விட்டாள்.

முதல் பாட்டு முழுக்க அவள் பார்வை அந்தப் போனிலேயே இருந்தது. இரண்டாவது பாட்டிலும் அப்படித்தான். அதை எடுத்து வை என்று சொல்ல எனக்கு வாய் ஏது? மூன்றாவதாக 'வெள்ளை மலை'. கொலுசு வரிக்கு முன்னால் ஒருமுறை போனைப் பார்த்தாள். அந்த வரி வந்தது. அதற்கப்புறம் அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாட்டு முடிகிறவரை போன் பக்கம் திரும்பவே இல்லை.

அதுதான் நான் கடைசியாக வாசித்த கச்சேரி. அன்று எங்களோடு மேளம் வாசித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சாமு, கண்ணுல உப்புக்காத்தா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.